சும்மா ஒரு மண் நாய்

கீழப்பழுவூர் காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில், போன கோடை விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். கேரம், செஸ், நீச்சல் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பெண் மட்டும், "களிமண்ணுல ஏதாச்சும் செய்வமா அக்கா" என்றாள். காசு செலவில்லாத யோசனை என்பதால் உடனே தலையாட்டினேன். ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பக்கத்து ஊரில், சூளை போடுவதை நிறுத்திப் பல வருடமான ஒரு குயவர் பெரியவர் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் மையத்துத் திண்ணை முழுக்க விநோத ஜந்துக்கள். மூன்று கண் நத்தை. கண்ணாடி போட்ட ஆடு. புத்தகப்பை மாட்டிய டைனோசர். எங்கள் மாவட்டத்தில் டைனோசர் வருவதில் ஆச்சரியம் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் ஒரு ராட்சத டைனோசருக்கே பெயர் வைத்தார்கள். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஏற்கெனவே அழைத்துப் போயிருந்தோம். யோசனை சொன்ன அந்தப் பெண் செய்தது ஒரு நாய். காது இரண்டும் முறம் போல விரிந்திருக்கும். வாய் நிறையச் சிரிப்பு. முதுகில் ஒரு குழி, அதில் பேனா போட்டு வைக்கலாம். சூளையில் வெந்து சிவந்து வந்ததும் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் நாய் மையத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அவளுடைய அப்பாயி வீட்டுக்குள் வைக்க விடவில்லை.

சமாதானம் பேசலாம் என்று போனேன். சமூகவியல் படித்தவள், ஊர் ஊராகப் பேசிப் பழகியவள் என்ற நம்பிக்கை. அப்பாயி என்னை உட்காரச் சொல்லி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஏம்மா, நீ படிச்ச புள்ள. எங்கம்மாவுக்குப் பண்ணக்காரன் ஊட்டுல கூழு ஊத்துறதுக்குத் தனிக் கலயம். மாட்டுக் கொட்டாயில கவுத்து வச்சிருப்பாங்க. நானும் சின்னதுல அதுல குடிச்சிருக்கேன். மண்ணக் கழிச்சிட்டுத்தான் இந்த எவர்சில்வர வாங்குனேன். திரும்பவும் மண்ணையா ஊட்டுக்குள்ள கொண்டாறச் சொல்ற?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த டம்ளரில் புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்தேன், யோசித்தேன். அந்த நாய் ஒரு அலமாரிக்குப் போக முடியாமல் போனதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தோழர்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

கட்டாய மண்

தீட்டுக் கோட்பாட்டில் பாத்திரங்களுக்கும் சாதி உண்டு. வெண்கலம், பித்தளை, செம்பு தீட்டுப்பட்டால் புளி, சாம்பல், மணல் போட்டுத் தேய்த்துச் 'சுத்தம்' செய்துகொள்ளலாம். மண் பாத்திரத்துக்கு அந்த வழி கிடையாது. நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கியதை வெளியே எடுக்க முடியாது என்பதால் உடைத்துப் போட வேண்டும். சாவு வீட்டில் பழைய பானைகளை வெளியே எறிவதும் இந்தக் கணக்கில்தான். வட இந்தியாவில் டீ குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் மண் குவளைக்குப் பின்னாலும் இந்தக் கணக்கு உண்டு. யார் வாய் வைத்தது என்ற கேள்வியே எழாமல் குவளை நொறுங்கிவிடுகிறது. 2004-ல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் மண் குவளையைக் கொண்டுவந்தபோது அவர் நினைத்தது குயவர்களின் பிழைப்பை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்று நெடுஞ்சாலைக் கடைகளில் 'பாரம்பரிய மண் குவளை டீ' என்று பலகை பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாங்கச்சியும் தனிக்குவளையும்தான் ஞாபகம் வருகின்றன. இது என் கோளாறாகவும் இருக்கலாம்.

மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் சண்டாளர்கள் உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்கிறது. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண் கலயத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் எழுதுகிறார். 1936-ல் வந்த அந்த நூலைப் படிக்காத தோழர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதைப் படிக்கப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. அந்தக் கலயத்தை ஓவியர் சாவி சாவர்க்கர் தன் அச்சோவியங்களில் வரைந்திருக்கிறார். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைத் 'தூய்மைப்படுத்தியது' எதை வைத்து? 108 மண் குடங்களில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றினார்கள்.

தமிழ்நாட்டுக் கதை இதைவிட நேரடியானது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. இவற்றின் நடுவே ஒன்று: வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு எதையும் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் ஆடுமாடுகளும் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண் குடத்தில்தான் எடுக்க வேண்டும். சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மட்டுமே மேய்க்க வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி. கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகக் கூடாது.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்ததால் நமக்குத் தெரிகிறது. பதிவாகாத ஊர்கள் எத்தனையோ. அப்பாயியின் அம்மாவுக்கு மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்த கலயத்துக்கு எந்த ஆவணமும் இல்லை.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். மண்பானை கட்டாயம். குதிரை தடை. படிப்பு தடை. ஒரு மக்கள் கூட்டத்தை எங்கே நிறுத்திவைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் பானையிலிருந்து சும்மாடு வரை யோசித்திருக்கிறார்கள். எவர்சில்வர் கடையில் பேரம் பேசி ஒரு குடம் வாங்கி, அதில் பெயர் வெட்டச் சொல்லி நிற்கும் நம் பாட்டிமார்களை நுகர்வு மோகம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் படித்ததில்லை. மண்பானைச் சமையலுக்குத் திரும்புவோம் என்று பேசும் இயற்கை ஆர்வலர் நண்பர்களிடமும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். திரும்புவதற்கு முதலில் வெளியேறியிருக்க வேண்டும் அல்லவா.

குதிரை யாருடையது

தமிழ்நாட்டில் களிமண் உருவம் என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது அய்யனார் குதிரை. புதுக்கோட்டை நமணசமுத்திரத்தில் வரிசையாக நிற்கும் குதிரைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மண்ணால் இவ்வளவு பெரிய உருவத்தை உள்ளீடற்று எழுப்பிச் சுடுவது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் பெரியவர் சொல்லிக்கொடுத்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஏரிக் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்க வேண்டும். உமி எரிந்துபோய் விடும் இடைவெளிகள் ஈரம் வெளியேற வழி கொடுக்கும். முதலில் நாலு காலையும் தூண் போல எழுப்பி, கொஞ்சம் இறுக விட்டு, அது பாரம் தாங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் வயிற்றைக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் கால் மடங்கும். தாமதித்தால் புது மண் பழைய மண்ணில் ஒட்டாது. கடைசியில் தலை. பிறகு வைக்கோல், வறட்டி, விறகு அடுக்கி, மேலே சேறு பூசிச் சூளை.

அய்யனாருக்குக் குதிரை மட்டும் செய்வதில்லை. யானை, காளை, பசு, நாய், பாம்பு, பிள்ளை வரம் கேட்டவர்கள் கொடுக்கும் மதலை, குணமான கை, கால், கண் எல்லாம் மண்ணில் வரும். புரவி எடுப்பு முடிந்து கோயில் முன்னால் இறக்கிய பிறகு யாரும் அவற்றைப் பராமரிப்பதில்லை. மழையில் கரைந்து, உடைந்து, மண்ணோடு போகும். அடுத்த வேண்டுதலுக்குப் புதிது வரும். இந்த உருவங்கள் எதுவும் வீட்டுக்குள் போவதில்லை. ஊர் எல்லைதான் அவற்றின் இடம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தோழர்கள் சிலர் மேடையில் அய்யனார் குதிரை தலித் கலை என்று பேசிக் கேட்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல, நமக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. இவற்றைச் செய்தவர்கள் வேளார், குலாலர், உடையார் என்று பல பெயர்களில் அறியப்படும் குயவர்கள். சங்கப் பாடல்களின் 'வேட்கோ' அவர்கள்தான். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பல ஊர்களில் அய்யனார் கோயில் பூசாரியே வேளார்தான். மதுரை வட்டார வேளார்களோடு தங்கி ஆய்வு செய்த ஸ்டீபன் இங்கிலிஸ் 1980-ல் அவர்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுத்தால்தான் குதிரை வேலை தொடங்கும். பிடிமண் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பிடிமண்ணில் இருக்கிறது. அந்த மண்ணைக் கொடுக்கும் உரிமை எந்தெந்தக் கைகளுக்கு இருந்தது? ஊர்வலத்துக்கு முன்னால் பறை போக வேண்டும். பறை அடித்தவருக்கு மரியாதை கடைசியில், அல்லது இல்லவே இல்லை.

ஊர் வேறு, சேரி வேறு என்பது நேற்று வந்ததில்லை. எங்கள் ஊருக்கு ஆலந்துறையார் கோயிலையும் பழுவேட்டரையர்களையும் வைத்துப் பெருமை பேசுகிறார்கள். 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு கார் போட்டு வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்ல கோயில்தான். அந்தச் சிற்றரசர்கள் அடங்கியிருந்த சோழர் ஆட்சியின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி ஆகியவற்றோடு 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே அந்தச் சொல் கல்லில் ஏறிவிட்டது.

எல்லையில் நிற்கும் காவல் தெய்வங்களைப் பாருங்கள். மதுரை வீரன் குதிரையில் இருப்பான். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், மாறுகால் மாறுகை வாங்கிக் கொல்லப்பட்டவன். கதைப்பாடல் அவனைக் காசி ராஜா மகனாக்கி ஆறுதல் தேடிக்கொண்டது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அந்த வழியில்தான் போனது. கொன்றவனைக் கும்பிட்டு, குதிரையும் கொடுத்துவிட்டு, அவன் வழியில் வந்த மாப்பிள்ளை கல்யாணத்துக்குக் குதிரை ஏறினால் குடிசையைக் கொளுத்துவது என்ன கணக்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மண் குதிரைக்கு உயிர் கிடையாது, அதில் ஏறியவனும் செத்தவன். பயம் உயிருள்ள குதிரை மேல்தான்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர் கல்யாண ஊர்வலம் போவதையும் அதில் குதிரை ஏறுவதையும் தடுப்பது குற்றம் என்று, பிரிவு 3(1)-இல், குதிரையைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 1931-ல் போட்ட ஒரு தடைக்கு 84 வருடம் கழித்து நாடாளுமன்றம் பதில் எழுத வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் போன பொம்மை

அப்படியானால் வீட்டுக்குள் எந்த மண் உருவம் போனது? தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கொலு. பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் போன வண்ணம் பூசிய பொம்மைகள், நவராத்திரிக்குச் சில குறிப்பிட்ட சாதிகளின் கூடங்களில் படி படியாக அடுக்கப்பட்டன. கீழ்ப்படியில் அறிவு குறைந்த உயிர்கள், மேலே போகப் போக மனிதர், மகான், கடவுள். படிக்கட்டு வைத்து உலகத்தை விளக்கும் பழக்கத்தை இதைவிட எளிதாகக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. பல கொலுக்களில் குறவன் குறத்தி பொம்மையும் இருக்கும். வாசலுக்கு வந்தால் தள்ளி நிற்கச் சொன்ன ஆட்களைப் பொம்மையாகக் கூடத்துக்குள் வைத்துக்கொள்வதில் சிக்கல் ஏதும் இல்லை.

நம் வீடுகளில் அலங்காரத்துக்கு ஒரு மண் உருவம் இருந்ததா? சமைக்கும் சட்டியே எண்ணி நாலு இருந்த வீட்டில் அலமாரி எங்கே, அதன் மேல் பொம்மை எங்கே. ஆனால் நம் பிள்ளைகள் களிமண்ணில் எதுவும் செய்யாமல் இருந்திருக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மாடு மேய்க்க அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏரிக்கரையில் நாள் முழுக்க என்ன செய்திருப்பார்கள்? என் அப்பாவே சொல்லியிருக்கிறார்: காளை, வண்டி, நுகத்தடி எல்லாம் ஈரமண்ணில் செய்வார்களாம், கருவேல முள்ளைக் கொம்பாகக் குத்துவார்களாம். சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சுடாத மண். ஒரு மழைக்குத் தாங்காது. கீழடியில் சுடுமண் உருவங்களும் விளையாட்டுச் சில்லுகளும் கிடைத்தன, அவை சுட்டவை என்பதால் இரண்டாயிரம் வருடம் தாண்டி வந்தன. நம் அப்பாக்களின் காளைகள் அடுத்த ஐப்பசியைத் தாண்டவில்லை. தொல்லியலுக்குக் கிடைக்காத வரலாறு என்று ஒன்று இருந்தால் அதில் இந்தக் காளைகளுக்கு இடம் வேண்டும்.

மற்ற நாடுகளில் ஏழை வீட்டுக்குள் மண் பொம்மை எப்படி வந்தது என்று தேடினேன். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஸ்டாஃபோர்ட்ஷயர் சூளைகளிலிருந்து மலிவான பீங்கான் நாய்கள் ஜோடி ஜோடியாக வந்தன. தொழிலாளர் வீடுகளில் கணப்பு மாடத்தின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்திருக்கும். அதே பீங்கான் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். 1873-ல் லண்டனில் தொழில் தொடங்கிய மார்ட்டின் சகோதரர்கள் என்னும் நாலு அண்ணன் தம்பிகள், தலையைக் கழற்றிப் புகையிலை போட்டு வைக்கும்படி கோணல் முகப் பறவைகளைச் செய்தார்கள். வேடிக்கையான ஜந்துக்களை வீட்டுக்குச் செய்து, அடியில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றவர்களில் இவர்கள் பேர்போனவர்கள்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அமெரிக்காவின் எட்ஜ்ஃபீல்ட். தென் கரோலினாவில் இருக்கும் அந்த ஊரின் மண்பாண்டப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். ஊறுகாய், கறி போட்டு வைக்கும் ஜாடிகள் எஜமானர்களின் சந்தைக்கு. அதற்கிடையில், 1850-களை ஒட்டி, அவர்கள் சின்னச் சின்ன முகக் குடுவைகளும் செய்தார்கள். பிதுங்கிய கண், வெளியே தெரியும் பல், இரண்டுக்கும் வெள்ளைக் களிமண். எதற்காகச் செய்தார்கள் என்று அறிஞர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள், காங்கோ பகுதிச் சடங்குப் பொருள்களோடு தொடர்பு சொல்கிறவர்கள் உண்டு. எஜமானன் சந்தைக்காக அல்ல என்பது பலருடைய கருத்து. அந்த ஊரில்தான் டேவிட் டிரேக் என்ற அடிமைக் குயவர் இருந்தார். தென் கரோலினா 1834-ல் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அவர் ஈரமான ஜாடியில் தேதி போட்டு, இரண்டு வரிக் கவிதை எழுதி, 'டேவ்' என்று கையெழுத்துப் போட்டார். ஒரு ஆள் தூக்க முடியாத ஜாடிகள். 2022-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் எட்ஜ்ஃபீல்ட் கறுப்பினக் குயவர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

ஈரமண்ணில் பெயர் எழுதுவது பெரிய விஷயம் தோழர்களே. கீழடி ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழியில் கீறப்பட்டிருப்பதை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். பானையில் பெயர் கீறத் தெரிந்த அந்தச் சமூகத்திலிருந்து, பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது என்று 1931-ல் தடை போட்ட சமூகம் வரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கொண்டாட்டம் முழுசாகும்.

நம் பக்கத்தில் கையெழுத்துப் போடும் குயவுக் கலை 1971-ல் புதுச்சேரிக்கு வந்தது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதி அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அய்யனார் குதிரையை நாட்டுச் சூளையில் ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே சுட்டுவிடலாம். இவர்களுடைய கல்மண் பாண்டத்துக்கு 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். அவர்களிடம் பயின்றவர்கள் இந்தியா முழுக்கப் பட்டறை வைத்தார்கள். இன்று இணையத்தில் மீன் வாய்க் கோப்பை, பூனை முகச் சாடி, முழிக்கும் ஆந்தை எல்லாம் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. நல்ல வேலைப்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். அடியில் செய்தவரின் பெயர் இருக்கிறது, அவரைக் கலைஞர் என்கிறார்கள். அய்யனார் குதிரை செய்தவரின் பெயர் குதிரையில் இல்லை, அவருக்கு இருப்பது சாதிப் பெயர் மட்டும். அருங்காட்சியகச் சீட்டில் பெரும்பாலும் 'சுடுமண் குதிரை, தமிழ்நாடு' என்பதோடு முடிந்துவிடும். ஒரே மண்ணில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு அது விருப்பம், இன்னொருவருக்குப் பிறப்பு.

சும்மா

எங்கள் பெரியவர் முதல் நாள் சக்கரத்தைக் கொண்டுவரவில்லை. "பொம்பளப் புள்ளைங்க இருக்கு" என்று தயங்கினார். அவர் வீட்டுப் பெண்கள் வாழ்நாள் முழுக்க மண் மிதித்தார்கள், தட்டினார்கள், வண்ணம் தீட்டினார்கள், தலையில் சுமந்து விற்றார்கள். சக்கரத்தைத் தொட்டதில்லை. இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம். நாங்கள் வாதாடவில்லை. சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்தோம். உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிண்ணமாக்குவது, மண்ணைப் பாம்பாகத் திரித்து வளையம் வளையமாக அடுக்குவது, தட்டையாகத் தட்டிச் சுருட்டுவது. விநோத ஜந்து செய்ய இந்த மூன்றும் போதும். சக்கரத்தில் எல்லாம் வட்டமாக வரும், முறக் காது வராது. ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, கூழ் போலக் கரைத்த மண்ணைத் தடவி ஒட்ட வேண்டும். வயிறு கெட்டியாக இருந்தால் உள்ளே குடைந்து எடுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஓட்டை போட வேண்டும். இதைக் கேட்காதவர்களின் டைனோசர்கள் இரண்டு சூளையில் வெடித்தன. பக்கத்தில் இருந்த பாவப்பட்ட நத்தையையும் சேர்த்துக்கொண்டு போயின. நாலாம் நாள் பெரியவரே சக்கரத்தை டிவிஎஸ் வண்டியில் கட்டி எடுத்து வந்தார். பிள்ளைகளைத் தொடச் சொல்லவில்லை. தொட்டவர்களைத் தடுக்கவும் இல்லை.

கோடை முடிந்ததும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பொம்மைகளை ரொம்பப் பிடித்துவிட்டது. காலனிப் பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி, 'தலித் கைவினை' என்று ஒரு முத்திரை, நகரத்தில் கண்காட்சி என்று திட்டம் சொன்னார்கள். கெட்ட எண்ணம் இல்லை. தாராவியில் சுதீர் ராஜ்பர் 'சமார்' என்ற வசைச் சொல்லையே தன் வடிவமைப்பு நிறுவனத்தின் பெயராக்கி உலகச் சந்தைக்கே போனார் என்ற உதாரணமும் சொன்னார்கள். அது அவர் எடுத்த முடிவு, நான் மதிக்கிறேன். இங்கே முடிவெடுக்க வேண்டியது யார்? நாய் செய்த பெண்ணிடமே கேட்டேன். "நான் வெட்னரி டாக்டருக்குப் படிக்கப் போறேன்க்கா. இது சும்மா செஞ்சது" என்றாள்.

அந்தச் 'சும்மா'வை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் யாரும் சும்மா ஒன்றைச் செய்யச் சொன்னதில்லை. வேலை, கூலி, கடன், பயிற்சி, வாழ்வாதாரம். நலத் திட்டங்கள்கூட நம் பிள்ளையின் கையைப் பார்த்தால் அதில் என்ன தொழில் வைக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகின்றன. வேறு வீட்டுப் பிள்ளை களிமண் பிசைந்தால் படைப்பாற்றல், நம் பிள்ளை பிசைந்தால் திறன் மேம்பாடு. பொம்மை விற்று வரும் காசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வேண்டுகிறவர்கள் செய்யட்டும், நானே உதவுவேன். ஆனால் ஒரு பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியே வரத் துடிக்கும் குயவர் வீட்டுப் பிள்ளையையும், இன்னொரு 'பரம்பரைத் தொழில்' ஒட்டவைக்கப்படும் நம் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மைய நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை. காலனிப் பெண்கள் சிலர் என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். மாதம் மூவாயிரம் வந்திருக்கும் என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மண் விஷயத்தில் ஒரு தகவல். 2024 ஜூலை முதல், வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்கலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் உரியது. உங்கள் ஊரில் அந்த அனுமதி யாருக்குக் கிடைக்கிறது, ஏரி மண் யார் டிராக்டரில் போகிறது என்று பாருங்கள். களப்பணிக்கு நல்ல தலைப்பு. எங்கள் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளை எண்ணிப் பழகிய பிள்ளைகள் இதையும் எண்ணிவிடுவார்கள்.

நாய் இப்போதும் மையத்து ஜன்னலில்தான் இருக்கிறது. நடுவில் ஒருநாள் பேத்தியைக் கூப்பிட வந்த அப்பாயி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்றார். பேத்தி தன் பெயரைப் படித்துக் காட்டினாள்.

"டம்ளர்ல வெட்டுனாப்புல இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். போகும்போது, "காது ரொம்பப் பெருசு, ஒடஞ்சிரும்" என்றார்.

அடுத்த சூளை மாசியில் போடுகிறோம். வருகிற தோழர்கள் ஆளுக்கு ஒரு கட்டு வைக்கோலோ, ஒரு சாக்குக் கொட்டாங்கச்சியோ கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். போன முறை எரிபொருள் பற்றாமல் அடி வரிசையில் இருந்த ஆடுகள் பாதிதான் வெந்தன.